இரண்டரை அடி

எடுத்தவர் பெயர் தெரியாது.
பிஸ்கட் டின்னில் பன்னிரண்டு கண்ணாடித் தட்டுகள்,
ஒன்றோடொன்று உரசாமல் நடுவே மல் துணி.
குக் டவுனில் ஒரு பங்களாவை இடித்தபோது
பரணிலிருந்து இறங்கியவை.
தட்டுக்குப் பதினெட்டு ரூபாய் எனக்கு.
தூசி தட்டி, ஸ்கேன் எடுத்து,
அட்டவணையில் நிரப்ப வேண்டும்:
பொருள். இடம். குறைபாடு.

பொருள் சுலபம். சின்ன ரயில்.
பொம்மை என்றே சொல்லிவிடலாம்
பக்கத்தில் ஆள் நிற்காவிட்டால்.

இடம்தான் வம்பு.
பெயர்ப்பலகை இருந்த மூலை உடைந்து
‘ஹள்ளி’ மட்டும் மிச்சம்,
அதுவும் இடம் வலம் மாறி.
பெங்களூரில் கண்ணை மூடிக் கல்லெறிந்தால்
ஏதாவது ஒரு ஹள்ளியில்தான் விழும்.
ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பாறைக் குன்று,
ஈச்சமரம் இரண்டு.
குன்றை இந்நேரம் ஜல்லியாக்கியிருப்பார்கள்.
நான் வாடகைக்கு இருக்கும் மூன்றாம் மாடியில்
அதில் ஒரு கைப்பிடி இருக்கலாம்.

விளக்குப் பலகையில் வைத்தால் எல்லாம் நேர்மாறு.
கரி வெள்ளை வெளேரென்று,
நீராவி கறுப்பு,
தொப்பி போட்ட துரையின் முகம்
அடுப்பங்கரைச் சட்டி.

ஆறாம் தட்டில் ரயில் நகர்ந்துவிட்டது.
அது இருந்த இடத்தில்
ஈரத் துணியால் துடைத்த சுவர் போல ஒரு வெளுப்பு.
பெஞ்சில் தூங்குகிறவர் மட்டும் தெளிவு,
மீசையை முடி முடியாக எண்ணலாம்.

டின்னில் ஒரு நோட்டும் இருந்தது. பென்சில் எழுத்து.
நான்கு: எஞ்சின், பக்கவாட்டில். அளவுக்கு ஆள்.
ஐந்து: தண்ணீர்த் தொட்டி. அளவுக்கு ஆள்.
எட்டு: சரக்குப் பெட்டி. அளவுக்கு ஆள்.
எஞ்சின் எத்தனை உயரமென்று
சீமையில் யாருக்கோ தெரிந்தாக வேண்டும்.
மூன்றிலும் ஒரே ஆள்.
முழங்காலுக்கு மேல் வேட்டி, தலையில் கட்டு,
கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று
யாரும் சொல்லாத நிற்பு.

ஒன்பதில் அவனைத்
தண்டவாளங்களுக்கு நடுவே நிறுத்தியிருக்கிறார்கள்,
முதுகுக்குப் பின்னால் மூச்சிரைக்கும் எஞ்சின்.
நோட்டில் ஒரு பெருக்கல் குறி. ‘கெட்டது. கால்.’

லென்ஸை வைத்துப் பார்த்தேன்.
முகம் கல். கைகள் கல்.
வேட்டி மடிப்புகூட அசையவில்லை.
இடது பாதம் மட்டும் புகை.
செருப்பில்லை.
நிழல் காலடியில் சுருண்டு கிடப்பதால் உச்சி வேளை.
ஜல்லி சுட்டிருக்கும்.
கறுப்புத் துணிக்குள் தலை நுழைத்தவர் எண்ணுகிறார்,
ஒன்று, இரண்டு,
மூன்று வருவதற்குள்
ஒரு குதிகால் எழும்பி இறங்கியிருக்கிறது.
அவ்வளவுதான் அவன் செய்தது.

இந்த மாதிரிப் பாதைக்கு அகலம் இரண்டரை அடி.
யார் அதட்டினாலும் அது நகராது.
அவன் நின்ற இடத்தில்
தண்டவாளத்துக்குத் தண்டவாளம் திரையில் அளந்தேன்:
நூற்றைம்பது புள்ளி.
தலைக்கட்டு நீங்கலாக அவன்:
முந்நூற்றைந்து.
காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன். ஐந்தடி ஒரு அங்குலம்.
எங்கள் கட்டட வாசலில்
செக்யூரிட்டி வேலைக்குக்கூட எடுக்க மாட்டார்கள்.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஷைலஜா மேடம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
“குறைபாடு காலியா இருக்கே” என்றார்.
‘இடது பாதத்தில் அசைவு’ என்று தட்டினேன்.
அவர் டீ குடிக்கப் போனதும் அழித்தேன்.
மேலே, பொருள் என்ற கட்டத்தில் எழுதினேன்:
ஒரு ஆள், உயரம் 5 அடி 1 அங்குலம்,
கால் சுடுகிறது.
பின்னால் எஞ்சின்.

பத்தாம் தட்டை எடுத்து விளக்கில் வைத்தேன்.
அதே மேடை, அதே எஞ்சின், அதே ஈச்சமரங்கள்.
அவன் இல்லை.
உண்மையில் எவ்வளவு பெரியது என்று
என்னால் சொல்ல முடியவில்லை.